குளத்தைக் கட்டுவதும் காப்பதும்



சொந்த வீட்டில் நீச்சல் குளம் கட்டிய பழைய மாணவர் ஒருவர், "சார், பத்தே நாளில் தண்ணீர் பச்சையாகிவிட்டது" என்றார். தேங்கிய நீர் உள்ள எல்லா இடத்திலும் எல்லாக் காலத்திலும் இருந்த கவலைதான் இது.

மொகஞ்சதாரோ பெருங்குளத்தைப் பாடத்தில் படித்தோம், நினைவிருக்கிறதா? சுமார் 12 மீட்டர் நீளம், 7 மீட்டர் அகலம், 2.4 மீட்டர் ஆழம். நீர் கசியாதபடி நிலக்கீல் பூசினார்கள். பக்கத்து அறையில் கிணறு, ஒரு மூலையில் வடிகால். பழைய நீரை வெளியேற்றவும் புதுநீர் நிரப்பவும் வழி வைத்துத்தான் கட்டினார்கள்.

நம் பக்கம் வருவோம். உத்திரமேரூரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் உள்ளன (கி.பி. 919, 921). குடவோலை முறையில் ஏரி வாரியத்துக்கு 6 பேரைத் தேர்ந்தெடுத்தார்கள். பதவி 360 நாள். பொறுப்பில் இருந்து கணக்குக் காட்டாதவருக்கு மறுபடி இடமில்லை. வெட்டிய ஏரியைக் காப்பதற்கென்றே ஆள் வேண்டும் என்பதை அன்றே உணர்ந்திருந்தார்கள்.

காக்கத் தவறினால் என்ன ஆகும்? நரம்புச் சிலந்தி நோயைப் பெரியவர்கள் அறிவார்கள். புண்ணோடு ஒருவர் படிக்கிணற்றில் இறங்கினால் புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்த நீரைக் குடிப்பவருக்கும் நோய் வரும். மக்கள் இறங்காத கிணறுகளும் வடிகட்டிய குடிநீரும் வந்த பிறகே அது ஒழிந்தது. 2000-இல்தான் இந்தியா அதிலிருந்து விடுபட்டதாக உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது. ஆடிக் கிருத்திகைக்குத் தெப்பம் விடும் நம் சரவணப் பொய்கை உட்பட, பலர் இறங்கும் எந்த நீருக்கும் இந்தப் பாடம் பொருந்தும்.

1908-இல் அமெரிக்காவின் ஜெர்சி நகரக் குடிநீரில் குளோரின் தொடர்ந்து கலக்கத் தொடங்கினார்கள். பின்னர் அது நீச்சல் குளங்களுக்கும் வந்தது. நீரை அடிக்கடி மாற்றும் வேலை அதனால் குறைந்தது. கவனிக்கும் வேலை குறையவில்லை.

வீட்டுக் குளம் வைத்திருப்பவர்களுக்கு:

1. மோட்டாரைத் தினமும் சில மணி நேரம் ஓட்டி நீரை வடிகட்டியில் சுற்றவிடுங்கள்.
2. குளோரின் லிட்டருக்கு 1 முதல் 3 மில்லிகிராம், பி.எச். 7.2 முதல் 7.8 வரை இருக்கட்டும். அளந்து நோட்டில் எழுதுங்கள்.
3. வெயில் குளோரினை அழிக்கும். மாலையில் போடுங்கள்.
4. குளோரினையும் அமிலத்தையும் ஒருபோதும் ஒன்றாகக் கலக்காதீர்கள். விஷவாயு கிளம்பும்.
5. பச்சை நீரில், அடித்தளம் தெளிவாகத் தெரியும்வரை யாரும் இறங்க வேண்டாம்.
6. சுற்றிலும் வேலியும், குழந்தைக்கு எட்டாத தாழ்ப்பாளும் கட்டாயம்.

உங்கள் ஊர்க் குளத்தை இன்று யார் பார்த்துக்கொள்கிறார்கள்? கீழே எழுதுங்கள்.