டென்னிஸ் உலகத் தரவரிசையும் ஆண்டின் சிறந்த வீரரும்

டென்னிஸ் உலகத் தரவரிசை என்பது கடந்த 52 வாரங்களில் ஒரு வீரர் ஈட்டிய புள்ளிகளின் கணக்கு. ஆண்டு முடிவில் அதில் முதலிடம் பெறுபவரையே அந்த ஆண்டின் சிறந்த வீரராகக் கொள்வது வழக்கம். ஆனால் இந்தக் கணக்கு தொடங்கியதன் நோக்கம் வேறு.

கணினி வருவதற்கு முன் பத்திரிகையாளர்களின் கணிப்பே தரவரிசையாக இருந்தது. லண்டன் டெய்லி டெலிகிராப் நாளிதழில் வாலிஸ் மையர்ஸும் பின்னர் லான்ஸ் டிங்கேயும் வெளியிட்ட ஆண்டுப் பட்டியல்கள் பெரிதும் மதிக்கப்பட்டன. 1960, 1961 ஆகிய இரு ஆண்டுகளிலும் விம்பிள்டன் அரையிறுதிக்கு முன்னேறிய சென்னை வீரர் ராமநாதன் கிருஷ்ணனுக்கு டிங்கே 1961-இல் 6-ஆம் இடம் தந்தார். பணத்துக்காக ஆடிய தொழில்முறை வீரர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. அக்காலத்தின் தலைசிறந்த ஆட்டக்காரர் எனப் பலரும் கருதிய பாஞ்சோ கோன்சாலஸின் பெயர் அதில் இல்லாததற்கு அதுவே காரணம்.

1972-இல் உருவான ஆடவர் தொழில்முறை வீரர் சங்கமான ஏ.டி.பி., 1973 ஆகஸ்ட் 23 அன்று முதல் கணினித் தரவரிசையை வெளியிட்டது. ருமேனியாவின் இலியே நஸ்தாசே முதலிடம் பெற்றார். ஒரு தொடரில் யாரைச் சேர்ப்பது என்பதை அமைப்பாளர்கள் தம் விருப்பப்படி முடிவு செய்த நிலையை மாற்றுவதே சங்கத்தின் நோக்கம். மகளிர் தரவரிசை 1975-இல் தொடங்கியது. அதன் முதல் முதலிடம் கிறிஸ் எவர்ட்டுக்கு.

தொடக்க காலத்தில் மொத்தப் புள்ளிகளை ஆடிய தொடர்களின் எண்ணிக்கையால் வகுத்துச் சராசரி கண்டார்கள். நிறைய ஆடுபவருக்கு இது பாதகம். 1977-இல் அது அப்பட்டமாகத் தெரிந்தது. அர்ஜென்டினாவின் கியேர்மோ விலாஸ் அந்த ஆண்டு 16 பட்டங்களை வென்றார். தொடர்ந்து 46 ஆட்டங்களில் தோல்வியே காணவில்லை. பிரெஞ்சு ஓபன் அவர் வசமானது. ஃபாரஸ்ட் ஹில்ஸில் நடந்த அமெரிக்க ஓபன் இறுதிச்சுற்றில் முதல் செட்டை இழந்தும், ஜிம்மி கானர்ஸை 2-6, 6-3, 7-6, 6-0 என வீழ்த்தினார். கானர்ஸ் அந்த ஆண்டில் ஒரு கிராண்ட்ஸ்லாம் பட்டமும் வெல்லவில்லை. ஆனாலும் ஆண்டு முடிவில் முதலிடம் கானர்ஸுக்கு, விலாஸுக்கு இரண்டாமிடம். சங்கத்தின் ஆண்டுச் சிறந்த வீரர் விருதோ விம்பிள்டனை வென்ற பியோன் போர்குக்குப் போனது. களத்தில் நடந்ததை வைத்துப் பார்த்தால் அந்த ஆண்டு விலாஸுக்கே உரியது.

கணக்கு முறை மட்டுமன்றி, பதிவேடுகளும் பிழைத்ததுண்டு. ஆஸ்திரேலியாவின் இவான் கூலகாங் 1976-இல் இரண்டு வாரங்கள் முதலிடத்தில் இருந்திருக்க வேண்டும் என்று மகளிர் சங்கமான டபிள்யூ.டி.ஏ. 2007-இல் கண்டறிந்து திருத்தியது. 1975, 1976 ஆண்டுகளின் சில வாரங்களில் விலாஸும் முதலிடத்துக்கு உரியவர் என அர்ஜென்டினப் பத்திரிகையாளர் எட்வார்டோ புப்போ கணக்குடன் முன்வைத்த கோரிக்கையை ஏ.டி.பி. ஏற்கவில்லை.

ஏ.டி.பி. 1990-இல் சராசரியைக் கைவிட்டு, சிறந்த 14 தொடர்களின் புள்ளிகளைக் கூட்டும் முறைக்கு மாறியது. 1997-இல் மகளிர் தரவரிசையும் கூட்டல் முறைக்கு வந்தது. இப்போது நிறைய ஆடுபவர் ஆதாயம் பெற்றார். டென்மார்க்கின் கரோலின் வோஸ்னியாக்கி 2010, 2011 ஆண்டுகளைக் கிராண்ட்ஸ்லாம் பட்டம் இல்லாமலேயே முதலிடத்தில் முடித்தார். 2012-இல் விம்பிள்டன், ஒலிம்பிக், அமெரிக்க ஓபன், ஆண்டு இறுதிச் சாம்பியன்ஷிப் நான்கையும் வென்ற செரீனா வில்லியம்ஸ் மூன்றாம் இடத்தில்தான் இருந்தார்; முதலிடம் விக்டோரியா அசரென்காவுக்கு.

2009 முதல் கிராண்ட்ஸ்லாம் ஆடவர் சாம்பியனுக்கு 2,000 புள்ளிகள் கிடைக்கின்றன. அதற்கு அடுத்த நிலைத் தொடரின் சாம்பியனுக்கு 1,000. பெரிய வெற்றிக்கு உரிய எடை கிடைத்ததால் ஆடவர் தரவரிசையில் முரண்பாடுகள் குறைந்தன. எனினும் ரஷ்ய, பெலாரஸ் வீரர்களைச் சேர்க்க மறுத்ததால் 2022 விம்பிள்டனுக்குப் புள்ளிகளே வழங்கப்படவில்லை. பட்டம் வென்ற நோவாக் ஜோகோவிச்சின் கணக்கில் அந்த வெற்றி ஏறவில்லை.

பன்னாட்டு டென்னிஸ் கூட்டமைப்பு 1978 முதல் உலகச் சாம்பியன்களைத் தனியே அறிவித்து வருகிறது. 1982-இல் ஜான் மெக்கன்ரோ தரவரிசையில் முதலிடம் பெற்றபோது, விம்பிள்டனையும் அமெரிக்க ஓபனையும் வென்ற கானர்ஸையே அது தேர்ந்தெடுத்தது. 2012-இல் அதன் தேர்வு செரீனா.