ஒருநாளும் விடுப்பு எடுக்காத பிள்ளைக்குப் பரிசு தரலாமா?

பள்ளிகளில் ஆண்டு விழாக் காலம் இது. பேச்சுப் போட்டி, ஓட்டப் பந்தயம், முதல் மதிப்பெண் என்று மேடையில் பெயர்களை வாசித்து முடித்ததும் கடைசியாக ஒரு பரிசு வரும். ஆண்டு முழுவதும் ஒருநாள்கூட விடுப்பு எடுக்காத மாணவருக்கான பரிசு அது. ஒரு சான்றிதழ், கூடவே ஒரு டிபன் பாக்ஸோ பேனாவோ. கூட்டமும் கை தட்டும்.

இதில் என்ன தவறு என்றுதான் நம் வயதுக்காரர்களுக்குத் தோன்றும். மணி அடிப்பதற்கு முன்பே வேலைக்குப் போய் உட்கார்ந்து பழகியவர்கள் நாம். ஆனால் இந்தப் பரிசுக்கு ஒரு நீண்ட வரலாறு உண்டு. அதைப் படித்துப் பார்த்தபின் எனக்கு இந்தக் கைதட்டலில் முழு மனதோடு சேர முடியவில்லை. ஏன் என்று சொல்கிறேன்.

இருநூறு ஆண்டுகளுக்கு முன்னால் போவோம். 1822ஆம் ஆண்டு சென்னை மாகாண கவர்னர் தாமஸ் மன்றோ, மாகாணத்தில் எத்தனை பள்ளிகள் இருக்கின்றன, எத்தனை பேர் படிக்கிறார்கள் என்று கணக்கெடுத்து அனுப்பும்படி கலெக்டர்களுக்கு உத்தரவிட்டார். நாலு வருடம் கழித்து எல்லாக் கணக்கும் வந்து சேர்ந்தபோது 12,498 பள்ளிகள், 1,88,650 மாணவர்கள் என்று தெரிந்தது. அப்போது மாகாணத்தின் மக்கள்தொகை சுமார் 1 கோடியே 28 லட்சம்.

பதில் எழுதிய கலெக்டர்களில் பெல்லாரியின் ஏ.டி.கேம்ப்பெல் மற்றவர்களைவிட விரிவாக எழுதினார். பெல்லாரி அன்று சென்னை மாகாணத்தில் இருந்தது. 1823 ஆகஸ்டில் அவர் அனுப்பிய கடிதத்தில் அங்கிருந்த திண்ணைப் பள்ளிகளின் நடைமுறை வருகிறது. காலை ஆறு மணிக்குப் பள்ளி திறக்கும். முதலில் வந்து சேரும் பிள்ளையின் உள்ளங்கையில் சரஸ்வதி என்று எழுதுவார்கள். அது மரியாதை. இரண்டாவதாக வருபவனின் கையில் ஒரு பூஜ்யம். அவனுக்குப் புகழும் இல்லை, இகழும் இல்லை. மூன்றாவதாக வருபவனுக்கு லேசாக ஓர் அடி. நாலாவது ஆளுக்கு இரண்டு. அதன்பின் வருகிற ஒவ்வொருவருக்கும் ஒவ்வொன்று கூடிக்கொண்டே போகும்.

வருகைக்குப் பரிசு என்பது நம் பக்கத்துக்குப் புதிதல்ல என்பதற்காக மட்டும் இதைச் சொல்லவில்லை. அதே கடிதத்தில் கேம்ப்பெல் இன்னொன்றும் எழுதியிருக்கிறார். பெல்லாரி மாவட்டத்தில் 533 பள்ளிகள், அவற்றில் படிப்பவர்கள் 6,641 பேர்தான். முன்பு பள்ளி இருந்த பல ஊர்களில் இப்போது பள்ளியே இல்லை. காரணம் வறுமை. நடுத்தர, ஏழைக் குடும்பங்கள் பிள்ளைகளின் படிப்புச் செலவைத் தாங்க முடியவில்லை. கை கால் கொஞ்சம் வலுவானதும் பிள்ளையின் உழைப்பு வீட்டுக்குத் தேவைப்படுகிறது என்கிறார்.

ஒரே கடிதத்தில் உள்ள இந்த இரண்டு செய்தியையும் சேர்த்துப் பாருங்கள். சரஸ்வதி எழுதப்பட்ட கை பள்ளிக்கு வந்த பிள்ளையின் கை. அடி வாங்கிய கையும் வந்த பிள்ளையின் கைதான். வயலுக்கும் மாட்டுக்கும் போன பிள்ளைக்குப் பரிசும் எட்டவில்லை, பிரம்பும் எட்டவில்லை.

இனி இங்கிலாந்துக்குப் போகலாம். வருகையைப் பணமாக எண்ணும் பழக்கத்தைச் சட்டமாகவே ஆக்கிய நாடு அது. 1862இல் ராபர்ட் லோ என்பவர் கொண்டுவந்த விதிகளின்படி, அரசு மானியம் இரண்டு வகையாகக் கணக்கிடப்பட்டது. பள்ளியின் சராசரி வருகைக்கேற்ப ஒரு மாணவருக்கு 4 ஷில்லிங். அதோடு, 200 முறைக்கு மேல் வந்திருக்கும் ஆறு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு பிள்ளைக்கும் 8 ஷில்லிங். ஆனால் அந்தப் பிள்ளை இன்ஸ்பெக்டர் முன்னால் வாசிப்பு, எழுத்து, கணக்கு மூன்றிலும் தேற வேண்டும். ஒன்றில் தவறினால் 2 ஷில்லிங் 8 பென்ஸ் போய்விடும்.

விளைவு எப்படி இருந்திருக்கும் என்று ஆசிரியர் வேலை பார்த்த யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. பிள்ளை வராத நாள் பள்ளியின் வருமானத்தில் விழும் ஓட்டை. வராத பிள்ளைக்கு வந்ததாக ரிஜிஸ்டரில் கோடு போட்ட சம்பவங்கள் நடந்தன. இன்ஸ்பெக்டர் வரும் நாளில், படுக்கையில் இருக்க வேண்டிய பிள்ளைகளையும் போர்த்திக் கொண்டுவந்து உட்கார வைத்தார்கள். இன்ஸ்பெக்டர்களில் ஒருவரான கவிஞர் மாத்யூ ஆர்னால்டே இந்த முறையை எதிர்த்து எழுதினார். நம் மாகாணத்திலும் தேர்ச்சிக்கேற்ற மானியம் என்ற பெயரில் இதே முறை கொஞ்ச காலம் நடந்தது. இங்கிலாந்தில் 1890களில் இதைக் கைவிட்டார்கள்.

இதற்கிடையில் 1880இல் அங்கே ஐந்திலிருந்து பத்து வயது வரை பள்ளிக்கு வருவது கட்டாயம் ஆயிற்று. லண்டன் பள்ளி வாரியம் பிள்ளைகளை வரவழைக்க ஒரு வழி கண்டது. 1880களின் பிற்பகுதியிலிருந்து, ஓர் ஆண்டு முழுவதும் ஒருமுறைகூடத் தவறாமலும் தாமதிக்காமலும் வந்த பிள்ளைக்கு விக்டோரியா மகாராணியின் தலை பொறித்த பதக்கம் கொடுத்தார்கள். மகாராணி காலமானபின் அரசரின் தலையோடு அந்த வழக்கம் இருபதாம் நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளிலும் தொடர்ந்தது. அந்தப் பதக்கங்களைப் பழம்பொருள் சேகரிப்பவர்கள் இன்றும் விலைக்கு வாங்குகிறார்கள்.

அது எப்பேர்ப்பட்ட காலம் என்பதையும் நினைக்க வேண்டும். தட்டம்மை, தொண்டை அடைப்பான், செங்காய்ச்சல் எல்லாம் பிள்ளைகளைக் கொண்டுபோன காலம். தடுப்பூசியும் இல்லை, ஆன்டிபயாடிக்கும் இல்லை. நோய் பரவினால் சுகாதார அதிகாரியின் உத்தரவில் பள்ளியையே வாரக்கணக்கில் மூடுவார்கள். அப்படிப்பட்ட ஊரில், லேசாகத் தொண்டை வலிக்கிற பிள்ளை பதக்கத்தை நினைத்து வகுப்புக்கு வந்தால் அடுத்த பெஞ்சுக் குழந்தையின் கதி என்ன? கொரோனாவைப் பார்த்துவிட்ட நமக்கு இது புரியாத விஷயம் அல்ல.

லண்டனின் ஏழைப் பிள்ளைகளுக்கு உண்மையில் உதவியது வேறு. 1891இல் ஆரம்பப் பள்ளிக் கட்டணம் பெரும்பாலும் ஒழிந்தது. 1906இல் பள்ளியில் சாப்பாடு போட உள்ளாட்சிகளுக்கு அனுமதி தரும் சட்டம் வந்தது. அடுத்த ஆண்டு பள்ளிகளில் மருத்துவப் பரிசோதனை வந்தது. பதக்கம் பற்றி யாரும் சட்டம் போடவில்லை.

சோறு போட்டால் பிள்ளை வரும் என்ற உண்மையை நம் சென்னையும் சீக்கிரமே கண்டுகொண்டது. 1920இல் சென்னை மாநகராட்சித் தலைவராக இருந்தவர் சர் பிட்டி. தியாகராய செட்டியார். ஆயிரம் விளக்கு மாநகராட்சிப் பள்ளியில் படிக்கும் பிள்ளைகள் ஏழைகள், அதனால் பள்ளியின் எண்ணிக்கையே பாதிக்கப்படுகிறது என்று அவர் மன்றத்தில் எடுத்துச் சொன்னார். ஒரு மாணவருக்கு நாளொன்றுக்கு ஓரணாவுக்கு மிகாமல் டிபன் கொடுக்க அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்மானம் ஆயிற்று. பிறகு இன்னும் நான்கு பள்ளிகளுக்கு அது விரிந்தது. 1922-23இல் இந்தப் பள்ளிகளில் 811 ஆக இருந்த மாணவர் எண்ணிக்கை 1924-25இல் 1,671 ஆயிற்று. இரண்டே வருடத்தில் இரண்டு மடங்கு! ஆனால் ஆரம்பக் கல்வி நிதியிலிருந்து இதற்குச் செலவு செய்யக் கூடாது என்று அரசு சொல்லிவிட்டதால் 1925 ஏப்ரல் 1ஆம் தேதி நிறுத்திவிட்டார்கள்.

அதன்பின் காமராஜர் 1956இல் எட்டயபுரத்தில் மதிய உணவைத் தொடங்கிய கதை உங்களுக்குத் தெரியும். ஊர் மக்கள் கொடுத்த அரிசியும் பருப்பும்தான் முதலில் அடுப்பை எரியவைத்தன. கல்வித் துறையில் இயக்குநராக இருந்த நெ.து.சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய் அந்த வேலையை நடத்தினார். பிறகு சீருடையும் வந்தது. கிழிந்த சட்டைக்கு வெட்கப்பட்டு வீட்டில் நின்ற பிள்ளைகள் எத்தனை பேர் என்பது நம் தலைமுறைக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

1982 ஜூலை 1ஆம் தேதி எம்.ஜி.ஆர். சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கியபோது நான் டெல்டா கிராமம் ஒன்றில் ஆரம்பப் பள்ளி ஆசிரியர். அந்தத் திட்டத்தில் அதிகம் பேசப்படாத ஒரு பக்கம் உண்டு. சாப்பாடு பள்ளிப் பிள்ளைகளுக்கு மட்டும் அல்ல. இரண்டு வயதிலிருந்து ஐந்து வயது வரையுள்ள குழந்தைகளுக்கும் தனி மையங்கள் வந்தன. நடவுக் காலத்தில் அம்மா வயலில் இறங்கினால் கைக்குழந்தைக்கு அடுத்த குழந்தையைப் பார்த்துக்கொள்வது மூத்த பெண்ணின் வேலை. என் ரிஜிஸ்டரில் நாலாம் வகுப்பு, ஐந்தாம் வகுப்புப் பெண்களின் பெயருக்கு நேரே புரட்டாசி, ஐப்பசியில் வரிசையாக ஆப்சென்ட் விழும். தை அறுவடையில் மறுபடி விழும். தம்பிக்கு உட்கார ஓர் இடமும் மதியம் சோறும் கிடைத்ததும் அக்கா வகுப்புக்கு வந்தாள். எல்லாரும் அல்ல, ஆனால் கண்ணுக்குத் தெரிகிற அளவுக்கு வந்தார்கள்.

அதே பள்ளியில் ஆண்டு விழாவில் முழு வருகைப் பரிசும் உண்டு. ஒரு வருடம் அதை வாங்கியவன் பள்ளிக்கு எதிரே மளிகைக் கடை வைத்திருந்தவரின் மகன். நல்ல பையன், குறை சொல்ல ஒன்றும் இல்லை. வாசலைக் கடந்தால் வகுப்பு. அதே வகுப்பில் இன்னொரு பெண், வாய்க்கால் கரையோடு மூன்று கிலோமீட்டர் நடந்து வருவாள். மழையில் கரை உடைந்த நாட்களிலும் அம்மாவுக்குக் காய்ச்சல் கண்ட நாட்களிலும் வரவில்லை. மற்ற நாளெல்லாம் வந்தாள். பெயர் வாசிக்கும்போது அவள் முன் வரிசைத் தரையில் உட்கார்ந்து கை தட்டிக்கொண்டிருந்தாள். யாருடைய வருகை பெரிது என்று ரிஜிஸ்டருக்குத் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் காலைக்கு ஒரு சாய்கோடு, மாலைக்கு ஒரு சாய்கோடு.

சரி, இருக்கட்டும், பரிசு கொடுத்தால் நாலு பேருக்கு உற்சாகம் வராதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அமெரிக்காவில் இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை 15,329 மாணவர்களை வைத்து நடந்த ஆய்வு அது. ஒரு மாதம் முழுக்க வந்தால் விருது என்று முன்கூட்டியே சிலருக்குச் சொன்னார்கள்; சராசரியில் வருகை கூடவில்லை. ஏற்கெனவே ஒரு மாதம் முழுதாக வந்த சிலருக்கு, எதிர்பாராமல் விருது அனுப்பினார்கள். அவர்களுடைய வருகை அதன்பின் குறைந்துவிட்டது! ஆய்வாளர்கள் சொன்ன விளக்கம் இது: மற்றவர்களைவிட, பள்ளி எதிர்பார்ப்பதைவிட நாம் அதிகமாகவே வந்திருக்கிறோம் போலிருக்கிறது என்ற செய்தியைத்தான் விருது அந்தப் பிள்ளைகளுக்குச் சொல்லியிருக்கிறது.

ஒழுக்கம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. காரணமில்லாமல் மட்டம் போடுகிற பிள்ளையைக் கூப்பிட்டுக் கேட்கத்தான் வேண்டும். ஆனால் உடம்பு சரியில்லாதபோது வீட்டில் இருப்பதும் ஒழுக்கம்தான். இரண்டு வாரம் விட்டுப்போனபின் கூச்சத்தை விழுங்கிக்கொண்டு மறுபடி வகுப்பில் வந்து உட்காருவது அதைவிடப் பெரிய ஒழுக்கம். நூற்றுக்கு நூறு என்று ஒரு கோட்டைக் கிழித்துவிட்டால், ஜூன் மாதத்தில் ஒருநாள் காய்ச்சலில் படுத்த பிள்ளைக்கு அந்த வருடத்தின் மீதி நாட்களில் அந்தப் பரிசு ஒன்றும் சொல்வதில்லை.

ஆகவே என் கட்சி இதுதான். முழு வருகைப் பரிசை நிறுத்திவிடலாம். அந்தக் காசுக்கு வேறு செலவு இருக்கிறது. வருகைப் பதிவேட்டைப் பரிசு வாங்குபவரைத் தேட எடுக்க வேண்டாம். வராதவரைத் தேட எடுக்கட்டும். மூன்று நாள் சேர்ந்தாற்போல ஆப்சென்ட் என்றால் ஒருவர் அந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கட்டும். பஸ் நிற்கவில்லையா, அம்மாவுக்கு உடம்பா, பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் இல்லையென்று பெண் பிள்ளை நின்றுவிட்டாளா, வகுப்பில் யாராவது கேலி செய்கிறார்களா என்று கேட்கட்டும். காரணம் தெரிந்தால் பாதி வேலை முடிந்தது.

2022 செப்டம்பர் 15ஆம் தேதி மதுரையில் காலை உணவுத் திட்டம் தொடங்கியது. 1920இல் ஓரணா டிபனோடு ஆரம்பித்த வரிசையில் அது கடைசியாகச் சேர்ந்தது. இந்த நூறு வருடத்தில் நம் பிள்ளைகளைப் பள்ளிக்குக் கூட்டி வந்த ஒவ்வொரு காரியத்தையும் எண்ணிப் பாருங்கள்: பக்கத்திலேயே ஒரு பள்ளி, கட்டணமில்லாப் படிப்பு, சோறு, சட்டை, பஸ் பாஸ், சைக்கிள். எதுவும் வந்த பிள்ளையைப் பாராட்டியது அல்ல. எல்லாம் வராத பிள்ளையை யாரோ ஒருவர் நினைத்துப் பார்த்ததால் வந்தவை.