தமிழ்நாட்டில் பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளும் எண்முறை ஒளிபரப்பும்

படக்குழாய் கொண்ட பழைய தொலைக்காட்சிப் பெட்டிகள் அனலாக் ஒளிபரப்பைப் பெறுவதற்காகத் தயாரிக்கப்பட்டவை. ஒளிபரப்பு எண்முறைக்கு (டிஜிட்டல்) மாறியபோது, அவற்றைத் தொடர்ந்து பயன்படுத்த செட்டாப் பாக்ஸ் என்னும் இடைக்கருவி தேவைப்பட்டது. அந்தக் கருவிக்கு யார் பணம் தருவது என்ற கேள்வியே தமிழ்நாட்டில் இந்த மாற்றத்தின் வேகத்தைப் பெரிதும் தீர்மானித்தது.

பின்னணி

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. அக்காலத்தில் மொட்டைமாடி ஆன்டெனாவே ஒளிபரப்பைப் பெறும் வழி. 1990களில் தனியார் அலைவரிசைகள் வந்தபின் கேபிள் இணைப்பு பரவியது. கேபிள்காரர் தரும் கம்பியைப் பெட்டியின் பின்புறம் செருகினால் போதும். வேறு கருவி தேவையில்லை.

2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைத் தொடங்கியது. 2011இல் ஆட்சி மாறும் வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகள் வழங்கப்பட்டன. உலகின் பல நாடுகள் அனலாக் முறையைக் கைவிடத் தொடங்கிய அதே ஆண்டுகளில் இப்பெட்டிகள் தமிழகத்தின் ஏழை வீடுகளுக்கு வந்து சேர்ந்தன.

செட்டாப் பாக்ஸ் செயல்படும் விதம்

எண்முறை ஒளிபரப்பில் படமும் ஒலியும் சுருக்கப்பட்ட எண் தரவுகளாக வருகின்றன. செட்டாப் பாக்ஸ் அவற்றை விரித்து, பழைய பெட்டி ஏற்கும் அனலாக் குறிகையாக மாற்றித் தருகிறது. அலைவரிசையைத் தேர்ந்தெடுக்கும் வேலையையும் அதுவே செய்கிறது. தொலைக்காட்சி வெறும் திரையாகிவிடுகிறது. ஒரே வீட்டில் இரண்டு ரிமோட்டுகள் புழங்குவதன் காரணம் இதுவே.

பெரும்பாலான வீடுகளில் மஞ்சள், வெள்ளை, சிவப்பு முனைகள் கொண்ட ஏ.வி. கம்பி இணைப்பைத் தருகிறது. மஞ்சள் முனை படத்துக்கும் மற்ற இரண்டும் ஒலிக்கும் உரியவை. ஏ.வி. துளைகள் இல்லாத மிகப் பழைய பெட்டிகளுக்கு ஆர்.எஃப். மாடுலேட்டர் தேவை. எச்.டி.எம்.ஐ. வெளியீடு மட்டுமே உள்ள பாக்ஸ் என்றால், அதை ஏ.வி.யாக மாற்றும் சிறு கருவியை இடையில் இணைக்க வேண்டும். அகலத்திரைக்கான படம் பழைய திரையில் மேலும் கீழும் கருப்புப் பட்டைகளுடனோ பக்கங்கள் வெட்டப்பட்டோ தெரியும்.

சட்டமும் தாமதமும்

கட்டண அலைவரிசைகளுக்கு மட்டும் செட்டாப் பாக்ஸைக் கட்டாயமாக்கிய முறை 2003 செப்டம்பர் 1 அன்று சென்னையில் நடைமுறைக்கு வந்தது. இலவச அலைவரிசைகள் பாக்ஸ் இல்லாமலே கிடைத்ததால், காசு கொடுத்து அதை வாங்கியவர்கள் சிலரே.

2011இல் திருத்தப்பட்ட கேபிள் சட்டம் இந்த வழியை அடைத்தது. இலவச அலைவரிசைகள் உட்பட எல்லாமே குறியாக்கம் செய்யப்பட்டு வர வேண்டும் என்றது. அதாவது, பாக்ஸ் இல்லையேல் படம் இல்லை. சென்னை உள்ளிட்ட நான்கு பெருநகரங்களுக்கு 2012 அக்டோபர் 31 இறுதிக் கெடு. ஆனால் வழக்குகளால் சென்னையில் கெடு கடந்தும் அனலாக் கேபிள் நீடித்தது.

2011இல் மாதம் 70 ரூபாய்க் கட்டணத்தில் மீண்டும் இயங்கத் தொடங்கிய அரசு கேபிள் டிவி நிறுவனத்துக்கு எண்முறை உரிமம் எளிதில் கிடைக்கவில்லை. மாநில அரசுகள் ஒளிபரப்பு விநியோகத்தில் ஈடுபடக் கூடாது என்று தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம் பரிந்துரைத்திருந்தது. 2017 ஏப்ரலில்தான் உரிமம் வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் செட்டாப் பாக்ஸ்களை இலவசமாக வழங்கும் பணி தொடங்கியது. தொலைக்காட்சியை இலவசமாகக் கொடுத்த மாநிலம், அதைத் தொடர்ந்து பார்ப்பதற்கான கருவியையும் இலவசமாகவே கொடுக்க வேண்டியதாயிற்று.

மாற்று வழிகள்

தூர்தர்ஷனின் டி.டி. டைரக்ட் பிளஸ் சேவை 2004 டிசம்பரில் தொடங்கியது, பின்னர் டி.டி. ஃப்ரீ டிஷ் எனப் பெயர் மாறியது. டிஷ்ஷையும் பாக்ஸையும் ஒருமுறை வாங்கினால் போதும், மாதக் கட்டணம் இல்லை. ஆனால் அதில் தனியார் தமிழ் அலைவரிசைகள் மிகக் குறைவாகவே இருந்தன. எனவே அது தமிழகத்தில் கேபிளின் இடத்தைப் பிடிக்கவில்லை. கட்டண டி.டி.எச். சேவைகள் தமிழ் அலைவரிசைகளைத் தந்தாலும் மாதச் செலவைக் கூட்டின. 2016இல் சென்னை உட்பட 16 நகரங்களில் தூர்தர்ஷன் தரைவழி எண்முறை ஒளிபரப்பைத் தொடங்கியது. அதைப் பெற ஆன்டெனாவுடன் அதற்குரிய தனி பாக்ஸ் தேவைப்பட்டது.

விளைவு

அனலாக்கில் குறிகை பலவீனமானால் புள்ளிகளுக்கிடையிலும் படம் ஓரளவு தெரிந்தது. எண்முறையில் படம் கட்டம்கட்டமாக உடைந்து, பிறகு முற்றிலும் நின்றுவிடும். 2022 நவம்பரில் மென்பொருள் சிக்கலால் அரசு கேபிளின் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பாக்ஸ்கள் செயலிழந்தன. தொலைக்காட்சிப் பெட்டியில் எந்தப் பழுதும் இல்லாத வீடுகளிலும் திரை இருண்டது. பழைய பெட்டியின் ஆயுளை நீட்டித்த அதே கருவி, அதன் இயக்கத்தை வீட்டுக்கு வெளியே உள்ளவர்களின் கையில் ஒப்படைத்துவிட்டது என்பதை இந்நிகழ்வு காட்டியது.