பாதிக் கோபுர உயரம் பறந்த கதை



நம் ஊர் ராஜகோபுரம் 217 அடி. 1903 டிசம்பர் 17 அன்று ரைட் சகோதரர்களின் விமானம் முதன்முதலில் பறந்த தூரம் 120 அடிதான். 'ப்பூ, இவ்வளவுதானா?' என்று கேட்கத் தோணும்.

கம்ப்யூட்டரில் 'ஃப்ளைட் சிமுலேட்டர் 2004' போட்டு அதே விமானத்தை ஓட்டிப் பாருங்கள், அப்படிக் கேட்க மாட்டீர்கள். எஞ்சின் வெறும் 12 குதிரைத்திறன். மூக்கை ஏற்றி இறக்கும் பலகை வாலில் இல்லை, முன்னால் இருக்கிறது. ஜாய்ஸ்டிக்கைத் தொட்டாலே துள்ளும்; கொஞ்சம் அசந்தால் மணலில் குத்தும். அவர்கள் அன்று முதல் தடவையே 12 விநாடி பறந்தார்கள். எனக்கோ எட்டைத் தாண்டவே ஒரு வாரம் ஆனது!

ஏழே வருஷத்தில் இந்தச் சாகசம் நம் பக்கமும் வந்துவிட்டது. சென்னை மவுண்ட் ரோடில் ஓட்டல் நடத்திய டி ஏஞ்சலிஸ், சிம்சன் கம்பெனியில் ஒரு விமானம் செய்ய வைத்து, 1910 மார்ச்சில் பல்லாவரத்தில் பறந்தார். அலகாபாத்தில் விமானம் பறந்தது அந்த டிசம்பரில்தான். பல்லாவரத்தைத் தாண்டி எத்தனை முறை பஸ்ஸில் போயிருப்போம், ஒருவராவது இதைச் சொன்னோமா?

அந்தப் பல்லாவரம் விமானத்தையும் சிமுலேட்டரில் பறக்க வைக்க ஆசை. மெக்கானிக்கல் தம்பி தங்கைகளே, கணக்குப் போட யார் வருகிறீர்கள்?