இறந்தார் கையும் இருப்பார் கையும்

ஒருவர் தம் வாழ்நாளில் ஈட்டிய பொருளைத் தருமத்துக்கென எழுதிவைத்துவிட்டு மறைந்துபோகிறார். அப்பொருளை எதற்குச் செலவிடுவது என்பதை அவர் எழுதிய வாசகமே என்றென்றைக்கும் தீர்மானிக்க வேண்டுமா? அவர் காலத்துத் தேவை பின்னர் இல்லாமற் போனால் அந்தப் பணம் என்னாவது? மேலைநாட்டுச் சட்ட அறிஞர் இவ்வினாவை 'இறந்தார் கை' என்னும் பெயரால் நெடுங்காலமாக விவாதித்து வந்தனர். 1880ஆம் ஆண்டில் ஆங்கில நாட்டவரான ஆர்தர் ஹொப்ஹவுஸ் இதே பெயரில் ஒரு நூலையும் வெளியிட்டார்.

அமெரிக்க ஐக்கிய நாடுகளில் இதற்கு உதாரணம் தேடி அலைய வேண்டியதில்லை. 1790இல் காலமான பெஞ்சமின் பிராங்கிளின், பொஸ்டன், பிலடெல்பியா ஆகிய இரு நகரங்களுக்கும் ஆயிரம் பவுண் வீதம் விட்டுச்சென்றார். முறைப்படி தொழில் பழகி முடித்த, மணமான, இருபத்தைந்து வயதுக்குட்பட்ட கைவினைஞருக்கு ஐந்து வீத வட்டிக்கு அதனைக் கடனாகக் கொடுத்துவர வேண்டும் என்பது அவர் கட்டளை. அவ்வேற்பாடு இருநூறு ஆண்டுக்கு நீடிக்க வேண்டும் என்றும் கணக்கிட்டு எழுதியிருந்தார். ஆனால் தொழிற்சாலைகள் பெருகின. ஆசானிடம் இருந்து தொழில் பழகும் வழக்கம் அருகியது. கடன் கேட்டு வரும் கைவினைஞரும் குறைந்தனர். சென் லூயிஸ் நகரின் பிதாவாக இருந்த பிரையன் மல்லன்பியின் கதை இன்னும் தெளிவானது. 1851இல் இறந்த அவர், மேற்றிசையிற் குடியேறப் போகும் வழியில் அந்நகரை வந்தடையும் ஏழைப் பிரயாணிகளுக்கு உதவுமாறு தம் ஆதனத்தில் மூன்றிலொரு பங்கை ஒதுக்கினார். வண்டி கட்டிக்கொண்டு மாதக்கணக்காகப் பயணஞ் செய்தவர்கள் இருந்த காலத்தில் அது அருமையான தருமமே. இருப்புப்பாதை வந்தபின் அத்தகைய பிரயாணிகள் அருகினர். நிதி இருந்தது, அதைப் பெறுவோர் இல்லை.

இத்தகைய மரணசாசனங்களை நாள்தோறும் கையாண்டவர் பிரெடரிக் கொவ் என்பவர். சட்டத்தரணியான அவர், ஈரி ஏரிக் கரையிலுள்ள கிளீவ்லாந்து நகரின் பெரிய வங்கியொன்றுக்கு 1908இல் தலைவரானார். அக்காலத்துக் கிளீவ்லாந்து உருக்கும் இயந்திரங்களும் செய்து விரைந்து பெருத்த நகரம். 1910இல் அங்கே வாழ்ந்தவர் 5,60,663 பேர்; அவருள் ஏறத்தாழ மூன்றிலொருவர் கடல் கடந்து வந்தவர். ஹங்கேரியர், போலந்தினர், சுலோவேனியர், இத்தாலியர் எனப் பல இனத்தார் தத்தம் தெருக்களில் தத்தம் மொழி பேசி வாழ்ந்தனர். இத்தகைய ஊரின் தேவை பத்தாண்டுக்கொரு முறை உருமாறும் என்பதைக் கொவ் கண்டிருத்தல் வேண்டும்.

1914ஆம் ஆண்டு சனவரி 2ஆம் தேதி அவர் திட்டம் உருப்பெற்றது. அதுவே கிளீவ்லாந்து அறநிதியம். ஒரு பெருஞ்செல்வரின் பணத்தில் எழுந்ததன்று அது. சிறியதாயினும் பெரியதாயினும் எவரும் தம் பொருளை ஒரே பொதுநிதியிற் சேர்க்கலாம். முதலை வங்கி காக்கும். வருவாயை எவ்வெவற்றிற்கு வழங்குவது என்பதை ஐவர் கொண்ட குழு முடிவுசெய்யும். ஐவருள் இருவரை வங்கி நியமிக்கும்; ஒருவரை நகரபிதாவும், ஒருவரை மத்திய அரசின் மாவட்ட நீதிபதியும், ஒருவரை மரணசாசன நீதிமன்றத்து நீதிபதியும் நியமிப்பர். ஒரே சமயப் பிரிவைச் சேர்ந்தவர் இருவருக்கு மேல் இருத்தலாகாது. அரசியற் பதவி வகிப்போரும் அதனை நாடுவோரும் குழுவில் இடம்பெறார். இவற்றுக்கெல்லாம் மேலாக ஒரு விதி இருந்தது: கொடையாளர் குறித்த நோக்கம் காலப்போக்கிற் பயனற்றதாகிவிடின், அதனை மாற்றிக்கொள்ளும் அதிகாரம் குழுவுக்கு உண்டு.

எழுதிவைத்தவரின் சொல்லை மாற்றுவது நம்பிக்கைத் துரோகம் ஆகாதா என்று வினவுவோர் உளர். எளிதில் தள்ளிவிடத்தக்க வினாவன்று அது. ஆயினும் இத்தகைய மாற்றத்துக்கு இடமுண்டு என்பதை அறிந்தே கொடையாளர் பொருளை ஒப்படைத்தனர் என்பதை நினைவிற் கொள்ளல் வேண்டும். நிதியின் முதல் தம்முடைய வங்கியிலேயே இருக்கும்படி வங்கித் தலைவர் ஒருவர் திட்டமிட்டதில் வணிக நோக்கு இல்லை என்று சொல்வதற்கும் இல்லை. 1916இல் இண்டியானாபொலிஸ் நகரத்தார் மூன்று வங்கிகளைச் சேர்த்துத் தம் நிதியத்தை அமைத்தமை இக்குறையைத் தவிர்த்தது.

தொடக்கத்தில் நிதியத்திடம் வழங்குவதற்குப் பணம் மிகுதியாக இல்லை. கொடையாளர் பலர் உயிருடன் இருந்தனர்! ஆகவே கொவ் வேறொரு வழியிற் சென்றார். எதற்குக் கொடுப்பது என்று முடிவுசெய்யுமுன் ஊரை ஆராய்ந்து அறிய வேண்டும் என்றார். முதலில் ஏழைகளுக்கு நிவாரணம் வழங்கும் முறை ஆராயப்பட்டது. அடுத்து வந்ததே பாடசாலை ஆய்வு. நிதியத்தின் தொடக்கக் காலச் செயல்களில் தலைசிறந்தது அதுவே எனலாம். 1915இல் லெனாட் அயர்ஸ் என்னும் கல்வியறிஞர் தலைமையில் அது தொடங்கியது. அதன் பயனாக வெளிவந்தவை இருபத்தைந்து சிறு நூல்கள். பாடத்திட்டம், மாணவர் சுகாதாரம், இடநெருக்கடி, குடியேறியோர் பிள்ளைகள், தையல் தொழில், கட்டட வேலை, இருப்புப்பாதை வேலை எனத் தனித்தனி நூலாக எழுதப்பட்டன. பள்ளியை விட்டு விலகும் பிள்ளை எந்தத் தொழிலுக்குப் போகிறான், அங்கே என்ன கூலி பெறுகிறான், அதற்குப் பள்ளி அவனை ஆயத்தஞ் செய்ததா என்பதெல்லாம் விசாரிக்கப்பட்டன. ஆரம்பப் பாடசாலைப் பிள்ளைகளுட் பாதிக்கு மேற்பட்டோர் ஆங்கிலமல்லாத மொழி வழங்கும் வீடுகளிலிருந்து வந்தவர் என்பதும் தெரியவந்தது. வீட்டில் ஒரு மொழியும் வகுப்பில் வேறொரு மொழியும் கேட்கும் பிள்ளையின் நிலையை ஆசிரியர் அறிவர். நகரத்துப் பெரியோருக்கு அதனை அறிவிக்க அச்சிட்ட நூல் வேண்டியிருந்தது. இந்நூல்கள் அலுமாரியில் உறங்கவில்லை. 1917இல் பாடசாலைகளுக்குப் புதிய மேலதிகாரியாகப் பிராங் ஸ்போல்டிங் பொறுப்பேற்றார், சீர்திருத்தம் தொடர்ந்தது.

இன்னோர் ஆய்வையும் குறிப்பிடாமல் விடலாகாது. நகர நீதிமன்றத்தின் தலைமை நீதிபதியே ஒரு கொலை வழக்கிற் சிக்கியமை 1920இல் ஊரைக் கலக்கியது. அதன்பின் நிதியம் ரொஸ்கோ பவுண்ட், பீலிக்ஸ் பிராங்பேட்டர் என்னும் சட்டப் பேராசிரியர் இருவரைக் கொண்டு குற்றவியல் நீதி முறையை ஆராய்வித்தது. 1922இல் வெளிவந்த அவ்வறிக்கை பொலிசாரையும் நீதிமன்றங்களையும் மட்டுமன்றிப் பத்திரிகைகளையும் ஆராய்ந்தது. 1919 சனவரி மாதத்தின் முற்பாதியிற் குற்றச் செய்திகளுக்குப் பத்திரிகைகள் ஒதுக்கிய இடம் 925 பத்தி அங்குலம். பிற்பாதியில் 6,642 பத்தி அங்குலம். பொலிசாருக்கு முறையிடப்பட்ட குற்றங்களோ 345இலிருந்து 363 ஆகவே உயர்ந்தன. ஊரார் கொண்ட அச்சத்துக்கும் ஊரில் நடந்ததற்கும் இருந்த தூரம் அளந்து காட்டப்பட்டது. பசித்தோருக்கு உணவிடுவதே தருமம் என்று எண்ணுவோருக்கு இது தருமமாகவே தோன்றாது.

கொவ் 1923இல் இறந்தார். சிக்காகோ, பொஸ்டன் முதலிய நகரங்கள் அவர் முறையை 1915இலேயே மேற்கொண்டுவிட்டன. பின்னர் அது பிற நாடுகளுக்கும் பரவியது. கிளீவ்லாந்திலோ காலம் வேறு கணக்கைப் போட்டது. 1950இல் 9,14,808 ஆக இருந்த குடித்தொகை 2020இல் 3,72,624 ஆகச் சுருங்கியது. உருக்காலைகள் பல மூடுண்டன; வசதியுள்ளோர் புறநகர்களுக்குப் போயினர். கறுப்பினத்தார் செறிந்து வாழ்ந்த ஹவ் பகுதியில் 1966இற் கலகம் மூண்டு நால்வர் மாண்டனர். ஐவர் குழு என்னதான் நடுநிலையாக அமைக்கப்பட்டிருந்தாலும், அப்பகுதியினரின் இடர் எத்தனை ஆண்டுகளுக்கு முன்பே தெரிந்திருக்க வேண்டும் என்ற வினா அப்போது எழாமல் இருக்க முடியாது. வங்கியும் நீதிமன்றமும் தெரிந்தெடுக்கும் ஐவர் எல்லாத் தெருக்களையும் அறிந்தவராக இருப்பர் என்பதற்கு எந்த விதியும் உறுதி கூறவில்லை. இறந்தார் கையை விலக்கிய திட்டம் இருப்பாருள் எவர் கை என்பதை முற்றாகத் தீர்க்கவில்லை.

பிற்காலத்தில் நிதியத்தின் முன்னுரிமைகள் வீடமைப்புக்கும், பழைய நாடகக் கொட்டகைகளைக் காப்பதற்கும், வேலைவாய்ப்புக்கும் எனப் பலவாறு விரிந்தன. வேறு நிறுவனங்களோடு கூடி நிதியம் ஊக்கிய கூட்டுறவுச் சலவைச்சாலையொன்று 2009இல் திறக்கப்பட்டது. அங்கே வேலை செய்வோர் கூலிக்காரராக மட்டுமன்றிச் சிறுகச் சிறுகப் பங்கு செலுத்தி உரிமையாளராகவும் ஆகலாம். அச்சாலை எழுந்த இடம் கிளென்வில். 1905இல் நகரத்தோடு இணைக்கப்படுமுன் அது தனிக் கிராமமாக இருந்தது. அக்கிராமத்தின் பிதாவாக ஒருகால் இருந்தவர் பிரெடரிக் கொவ்.