விளைவை வரையறுப்பவர் யார்? சமூகச் சேவை ஒப்பந்தங்களும் புதுக்கோட்டை தரும் பாடமும்

குடிநீர், தூய்மைப் பணி, கல்வி, மருத்துவம் ஆகிய சேவைகளை அரசு தானே வழங்காமல், நிறுவனங்களிடம் ஒப்பந்த அடிப்படையில் ஒப்படைப்பது கடந்த முப்பது ஆண்டுகளில் இயல்பான நடைமுறையாகிவிட்டது. இதற்குப் பொது–தனியார் கூட்டாண்மை என்று பெயர். இதன் அண்மைக்கால வடிவம் விளைவுசார் ஒப்பந்தம். செய்த செலவுக்குப் பணம் தராமல், எட்டிய விளைவுக்கு மட்டும் பணம் தருவது இதன் அடிப்படை. கேட்பதற்கு நியாயமாகத் தோன்றும் இம்முறையில் தலித் மக்கள் எழுப்ப வேண்டிய முதற்கேள்வி ஒன்று உண்டு: எது விளைவு என்பதை யார் எழுதுகிறார்கள்?

எவ்வாறு இயங்குகிறது?

2010-இல் இங்கிலாந்தின் பீட்டர்பரோ சிறையில் உலகின் முதல் சமூகப் பத்திரத் திட்டம் தொடங்கியது. விடுதலையான கைதிகள் மீண்டும் குற்றம் புரிவது குறைந்தால், முதலிட்டவர்களுக்கு வட்டியுடன் பணம் திரும்பும் என்பது அதன் ஏற்பாடு.

இந்தியாவில் நன்கு அறியப்பட்ட முன்னோடி, ராஜஸ்தானின் பில்வாரா மாவட்டத்தில் 2015 முதல் 2018 வரை நடந்த பெண்கல்வித் திட்டமாகும். எஜுகேட் கேர்ள்ஸ் என்னும் தொண்டு நிறுவனம் களப்பணி செய்தது. யுபிஎஸ் ஆப்டிமஸ் அறக்கட்டளை முதலிட்டது. விளைவுக்கான தொகையைச் சில்ட்ரன்ஸ் இன்வெஸ்ட்மெண்ட் ஃபண்ட் அறக்கட்டளை வழங்கியது. ஐடிஇன்சைட் என்ற தனி அமைப்பு மதிப்பீடு செய்தது. தொகையில் 80 விழுக்காடு மாணவர்களின் கற்றல் முன்னேற்றத்திற்கும், 20 விழுக்காடு பள்ளிக்கு வெளியே இருந்த சிறுமிகளின் சேர்க்கைக்கும் ஒதுக்கப்பட்டது. மூன்றாண்டு முடிவில் கற்றல் இலக்கில் 160 விழுக்காடும், சேர்க்கை இலக்கில் 116 விழுக்காடும் எட்டப்பட்டன. முதலீட்டாளருக்கு ஆண்டுக்கு 15 விழுக்காடு ஆதாயம் கிடைத்தது.

இந்த வெற்றியை நாம் குறைத்து மதிப்பிட வேண்டியதில்லை. ஆனால் பணத்தைத் தீர்மானித்த அளவுகோல்கள் சேர்க்கை, கற்றல் என்னும் இரண்டு மட்டுமே. வகுப்பறையில் யார் எங்கே அமர்த்தப்படுகிறார், கழிப்பறையைக் கழுவ யாரை அனுப்புகிறார்கள் என்பவை அவற்றில் இல்லை.

அளவுகோல் வேலையை மாற்றுகிறது

சென்னையில் 2000-ஆம் ஆண்டு குப்பை அள்ளும் பணி முதன்முறையாக ஓனிக்ஸ் என்னும் தனியார் நிறுவனத்திற்குச் சென்றது. பின்னர் வேறு நிறுவனங்கள் வந்தன. எடைக்கு ஏற்பப் பணம் என்பதே அக்கால ஒப்பந்தங்களின் அடிப்படை. எடையைக் கூட்டுவதற்காக மண்ணும் கட்டட இடிபாடுகளும் குப்பையோடு சேர்க்கப்படுவதாகக் குற்றச்சாட்டுகள் எழுந்தன. குப்பையைத் தரம் பிரித்துக் குறைப்பதில் ஒப்பந்ததாரருக்கு ஆதாயமே இல்லாமல் போயிற்று. 2020-இல் தொடங்கிய ஒப்பந்தங்களில் எடைக்குப் பதிலாகச் செயல்திறன் குறியீடுகள் புகுந்தன. அளவுகோல் மேம்பட்டது, ஆனால் துடைப்பம் பிடித்தவரின் பணிநிலை மேம்படவில்லை.

2025 ஆகஸ்டு மாதம் இராயபுரம், திரு.வி.க. நகர் மண்டலங்களின் தூய்மைப் பணி தனியாரிடம் ஒப்படைக்கப்பட்டபோது, தொழிலாளர்கள் ரிப்பன் மாளிகை முன் 13 நாட்கள் போராடினர். ஏறத்தாழ 23,000 ரூபாயாக இருந்த தங்கள் மாத ஊதியம் 17,000 ரூபாய் அளவுக்கு இறங்கிவிடும் என்பது அவர்களது முறையீடு. தெரு தூய்மையாக இருப்பது விளைவு. கூட்டுபவரின் ஊதியம் செலவு. செலவைக் குறைத்து விளைவைக் காட்டுபவரே ஒப்பந்தப்புள்ளியில் வெல்கிறார். கூட்டுபவர்களில் மிகப் பெரும்பாலோர் தலித்துகள் என்பதால், இச்சேமிப்பு எந்தச் சாதியின் உழைப்பிலிருந்து எடுக்கப்படுகிறது என்பது வெளிப்படை.

குவாரிகள் தந்த மாற்றுச் சான்று

ஒப்பந்தம் என்றாலே சுரண்டல் என்று நாம் முடிவு கட்டவும் இயலாது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் பேரலையாக எழுந்தது. அப்போதைய மாவட்ட ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத், கல்குவாரிகளின் குத்தகையை அங்கே கல் உடைத்த ஏழைப் பெண்களின் குழுக்களுக்கே வழங்க வழி செய்தார். அதுவரை ஒப்பந்ததாரர்களிடம் கொத்தடிமைகளாகவும் அற்பக் கூலிக்கும் உழைத்தவர்கள் அப்பெண்கள். அரசு அதே அரசு, பாறை அதே பாறை. குத்தகைப் பத்திரத்தில் இருந்த பெயர் மாறியது. எழுத்தறிவும் மிதிவண்டியும் குத்தகையும் ஒரே காலத்தில் அவர்கள் கைக்கு வந்தன.

எனினும் அந்த ஏற்பாடு நிலைத்த உரிமையாக வேரூன்றவில்லை. ஓர் ஆட்சியரின் நல்லெண்ணத்தில் நிற்கும் ஒப்பந்தம், அவர் மாறியபின் பழைய ஒப்பந்ததாரர்களின் நெருக்குதலைத் தாங்குவது கடினம். உழைப்பவரிடமே ஒப்பந்தத்தை அளிக்க முடியும் என்பதும், அதைச் சட்டத்தால் காக்காவிட்டால் இழக்க நேரும் என்பதும் இதன் இரு பாடங்கள்.

வேங்கைவயலும் அளவுகோலின் குருடும்

2022 டிசம்பர் இறுதியில் இதே மாவட்டத்தின் வேங்கைவயலில், தலித் மக்களின் மேல்நிலை நீர்த்தேக்கத் தொட்டியில் மனித மலம் கலக்கப்பட்டது தெரியவந்தது. வழக்கு சிபிசிஐடிக்குச் சென்றது. 2025 ஜனவரியில் அதே தலித் குடியிருப்பைச் சார்ந்த மூவர் மீதே குற்றப்பத்திரிகை தாக்கலானது. அதை ஏற்க மறுத்த மக்களும் தலித் இயக்கங்களும் சிபிஐ விசாரணை கோரினர்.

ஜல் ஜீவன் திட்டம் ஒரு வீட்டிற்கான சேவையை, குழாய் இணைப்பு, நபருக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர், நீரின் தரம், தொடர்ச்சி ஆகியவற்றால் அளக்கிறது. தொட்டி இருந்தது, குழாய் இருந்தது என்ற கணக்கில் வேங்கைவயல் சேவை பெற்ற ஊராகவே தோன்றும். அந்த நீரை அச்சமின்றிக் குடிக்க முடிந்ததா என்பதற்குக் கட்டம் ஏதும் இல்லை. தீண்டாமையை அளக்காத அளவுகோல், தீண்டாமை நிலவும் ஊரிலும் முழு மதிப்பெண் வழங்கும்.

பணியிடமும் சட்டமும்

புதுக்கோட்டை 2024 ஆகஸ்டில் மாநகராட்சியானது. மாநகராட்சிகளின் பணியிடங்களை மாற்றியமைத்த 2022-ஆம் ஆண்டின் அரசாணை 152, கடைநிலைப் பணிகளை வெளிமுகமைக்கு விட வழிவகுத்தது என்பதால், அதனைத் திரும்பப் பெறுமாறு தொழிற்சங்கங்கள் கோரி வருகின்றன. நிரந்தரப் பணியிடம் ஒழிந்தால் இடஒதுக்கீடும் ஒழிகிறது. ஒப்பந்த நிறுவனத்தை அது கட்டுப்படுத்தாது.

2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம் மற்றும் பணிச்சூழல் சட்டத் தொகுப்பு, மையப் பணிகளில் ஒப்பந்தத் தொழிலாளரை அமர்த்தத் தடை விதிக்கிறது. ஆனால் தூய்மைப் பணியை மையப் பணி என்ற வரையறையிலிருந்து விலக்குகிறது. அப்பணிக்காகவே அமைந்த நிறுவனத்திற்கு இவ்விலக்கு பொருந்தாது. நகரைத் தூய்மையாக வைத்திருப்பது உள்ளாட்சியின் அடிப்படைக் கடமை என்பதால், இவ்வாதத்தைத் தொழிற்சங்கங்கள் நீதிமன்றத்தில் முன்வைக்க இடமுண்டு.

2023 அக்டோபர் 20 அன்று பல்ராம் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், கழிவுநீர்ப் பாதை மரணங்களுக்கான இழப்பீட்டை 30 இலட்சம் ரூபாயாக உயர்த்தியது. விபத்து நேர்ந்தால் நிறுவனம் ஒப்பந்தத்தை இழக்கும் வகையில் மாதிரி ஒப்பந்தம் வகுக்கவும் பணித்தது. தொழிலாளரின் உயிரை ஒப்பந்த விதியாக எழுத முடியும் என்பதற்கு இதுவே சான்று.

நாம் கேட்க வேண்டியவை

உங்கள் ஊரில் ஒரு சேவை ஒப்பந்தத்திற்கு விடப்பட்டால், முதலில் அந்த ஒப்பந்தப் பத்திரத்தைப் படியுங்கள். அது உள்ளாட்சியின் ஆவணம். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி நகல் கோரலாம். சட்டப்படி பொது அதிகார அமைப்பு பெறத்தக்க தனியார் நிறுவனத் தகவலும் அச்சட்டத்தின் 2(எஃப்) பிரிவில் அடங்கும்.

பத்திரத்தில் நான்கு செய்திகளைத் தேடுங்கள். எந்தக் குறியீட்டிற்குப் பணம் தரப்படுகிறது? தலித் குடியிருப்பின் விளைவு தனியாகக் கணக்கிடப்படுகிறதா, ஊரின் சராசரியில் மறைகிறதா? தொழிலாளரின் ஊதியமும் பாதுகாப்பும் பணம் பெறுவதற்கான நிபந்தனைகளா? மதிப்பீட்டில் பயனாளிகளுக்கு இடமுண்டா? ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005-லேயே கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையை அளித்தது. ஒப்பந்தச் சேவைகளுக்கும் அவ்வுரிமையைக் கோருவது புதுமையான கோரிக்கை ஆகாது.

ஒப்பந்தத்தில் எழுதப்படாத கண்ணியத்திற்கு எவரும் பொறுப்பேற்பதில்லை. அதை எழுதச் செய்வது நமது வேலை.