மருதையாறும் ஒரு நவம்பர் விடியலும்

பெரம்பலூருக்கு மேற்கே பச்சைமலை. கிழக்கே அரியலூரின் சுண்ணாம்புக்கல் பூமி. இவ்விரு நிலங்களையும் இணைப்பது மருதையாறு. பச்சைமலையில் பிறந்து கொள்ளிடத்தில் கலக்கும் இவ்வாற்றைக் கோடையில் கடப்போர், வெறும் மணலைக் கண்டு, இதற்கா இத்தனை பெரிய பாலம் என்று வியப்பதுண்டு. அவ்வியப்புக்கு 1956ஆம் ஆண்டு கொடியதொரு விடை கிடைத்தது.

அவ்வாண்டு நவம்பர் 23 அதிகாலை. இரவெல்லாம் பெய்த பெருமழையில் ஆறு கரைபுரண்டது. சென்னையிலிருந்து வந்த தூத்துக்குடி விரைவு வண்டி அரியலூரைத் தாண்டி மருதையாற்றுப் பாலத்தை அடைந்தபோது, வெள்ளம் பாலத்தைக் குலைத்திருந்தது. எஞ்சினும் அதன் பின்னிருந்த பெட்டிகளும் ஆற்றில் வீழ்ந்தன. 140 பேருக்கும் மேல் மாண்டனர்.

அதே ஆண்டு நிகழ்ந்த மகபூப்நகர் விபத்தின்போதே இரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பின் ஏற்றார். சாஸ்திரி குற்றவாளி என்பதனாலன்று, அரசியல் மரபுக்கு அஃது எடுத்துக்காட்டாகும் என்பதனாலேயே ஏற்றதாக நேரு விளக்கினார். இன்றும் ஒவ்வொரு விபத்தின்போதும் இப்பதவி விலகலை நாம் நினைவுகூர்கிறோம். ஆனால் பாலம் ஏன் வீழ்ந்தது என்று கேட்போர் நம்மில் எத்தனை பேர்?

மலையில் பிறக்கும் சிற்றாறுகளின் இயல்பு தனி. சரிவில் பெய்யும் மழை நிலத்தில் ஊறுவதற்குள் ஓடிவிடுகிறது. பல மாதங்கள் வறண்டிருந்த ஆறு சில மணி நேரத்தில் பெருகிவிடும். அதன் குறுக்கே நாம் எழுப்பும் மண்கரை, அறியாமலே ஓர் அணையாகிறது. தேங்கிய நீர் பாலத்தின் கண்களில் நெருக்கியடித்துப் பாயும், வேகம் கூடும், தூண்களின் அடிமண்ணை அரிக்கும், பாலமும் கரையும் சேருமிடத்தைக் குடையும். மேலே தண்டவாளம் நேராகவே தெரியும்; கீழே மண் இராது.

மலைச்சாலை அமைப்போருக்கும் இதுவே முதற்பாடம். சரிவின் மேற்புறம் நீர்தாங்கு வாய்க்கால், சாலைக்கடியில் போதிய குறுக்குப் பாலங்கள், தடுப்புச் சுவரில் நீர் கசிந்து வெளியேறத் துளைகள் என யாவும் நீருக்கு வழிவிடும் ஏற்பாடுகளே. அவ்வழி அடைபட்டால் எவ்வளவு தடித்த சுவரும் நில்லாது.

எனினும் கட்டுமானம் பாதி, கண்காணிப்பு மறுபாதி. பாலத்தூணில் தீட்டிய அபாய அளவுக்கோடும், மழையிரவில் விளக்கேந்தித் தண்டவாளத்தின் வழியே நடக்கும் ரோந்துப் பணியாளரும் காக்கும் உயிர்களுக்குக் கணக்கில்லை. விபத்து நிகழ்ந்தால் செய்தி. நிகழாதிருந்தால் அவர் பெயர் எவருக்கும் தெரியாது.

அரியலூர் தனி மாவட்டமாக மீண்டும் உருவானதும் ஒரு நவம்பர் 23ஆம் நாளே, ஆண்டு 2007. தற்செயல்தான். ஆயினும் மாவட்டத்தின் பிறந்தநாளில் அந்தப் பழைய விடியலையும் நினைப்பது தகும். அடுத்த முறை மருதையாற்றைக் கடக்கையில், மணலைக் கண்டு வியக்குமுன் ஒரு கணம் மேற்கே மலையை நோக்குவோம். அங்கே பெய்யப்போகும் மழைக்காகவே இப்பாலம் இத்தனை பெரிதாக நிற்கிறது.